குருணை மருந்துக்குக் கண் இல்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஓநாய்கள் ஏறக்குறைய 3,100 மட்டுமே என்று 2022 ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பு ஒன்று கூறுவதையும், அவற்றில் பல யாருக்கும் தெரியாமல் கொல்லப்படுகின்றன என்பதையும் சென்ற இதழில் சில வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அந்தச் சில வரிகளுக்குச் சேலம் மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சேலத்தில் ஓநாயைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரையும் நான் அறியேன். ‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்’ என்ற பழமொழியில்தான் அது எங்களுக்குப் பழக்கம். இல்லாத விலங்கைக் காப்பாற்றுவது பற்றி எங்களுக்கு எதற்கு உபதேசம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

ஏன் இல்லாமல் போயிற்று என்பதிலிருந்து தொடங்கலாம். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் மட்டும், கொன்று கொண்டுவந்தவர்களுக்கு ஆங்கிலேய அரசு வெகுமதி வழங்கிய ஓநாய்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் இதைப் போன்ற வெகுமதி இருந்தது என்றாலும், எண்ணிக்கையில் முதலிடம் ஓநாய்க்குத்தான். கொல்வதற்கு அரசே பணம் கொடுத்த அந்த விலங்கை, 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் சேர்த்துப் புலிக்குச் சமமாக வைத்தது. சட்டம் மாறிய வேகத்தில் பட்டிக்காரரின் மனமும் மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு காரணம் நிலம். ஓநாய் அடர்ந்த காட்டின் விலங்கு அன்று. அது பொட்டலிலும் கரட்டிலும் மேய்ச்சல் வெளியிலும் வாழ்வது. அந்த நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்திருக்கும் பெயர் ‘தரிசு’. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே கல்குவாரி வரலாம், மனைப்பிரிவு வரலாம். அதைக் காடு அழிந்ததாக யாரும் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் இன்று ஓநாய் காணப்படும் இடமாகச் சொல்லத்தக்கது நீலகிரியின் அடிவாரத்தில் உள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அதைப் போன்ற வறண்ட முட்புதர் நிலம் மேட்டூர், கொளத்தூர்ப் பக்கமும் உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்ததே.

தங்கள் மாவட்டத்தில் இப்போதும் இருப்பவை குள்ளநரியும், அதைவிடச் சிறிய வங்கா நரியும். ஓநாயை ஒழித்த அதே சுருக்குக் கம்பி, அதே நாட்டு வெடி, அதே நஞ்சுதான் இவற்றையும் இன்று கொல்கின்றன. ஆகவே இந்தப் பேச்சு இல்லாத விலங்கைப் பற்றியது மட்டும் அன்று. கூடவே ஒரு சிறு குறிப்பு: செந்நாய் வேறு, ஓநாய் வேறு. பழைய அகராதிகள் ஓநாயைக் கோநாய் என்றும் சொல்லும். கன்னடம் பேசும் மேய்ப்பர்கள் அதைத் தோளா என்பார்கள். செய்தித்தாள்கள் செந்நாயையும் ஓநாயையும் மாற்றி மாற்றி எழுதுவதால் ஏற்படும் குழப்பம் கொஞ்சநஞ்சம் அன்று.

டாக்டர் ஐயா, என்னிடம் நாற்பது மேச்சேரி ஆடுகள் இருந்தன. போன மாதம் ஒரே இரவில் ஐந்து செத்துவிட்டன. மூன்று தொடையும் காதும் கிழிந்து குற்றுயிராகக் கிடந்தன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. ஓநாயா நரியா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செத்த ஆட்டின் மேல், வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லியான குருணை மருந்தைத் தூவி வைத்தால் வந்தது திரும்பி வந்து தின்று சாகும் என்கிறார்கள். செய்யலாமா? செய்யக் கூடாது என்றால் என் நட்டத்துக்கு யார் பதில் சொல்வது?
— ஆடு வளர்ப்பவர், மேச்சேரி வட்டாரம்

செய்யக் கூடாது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. அதை விட்டுவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவர்களால்தான் இந்த நாட்டில் இத்தனை விலங்குகள் நஞ்சு தின்று செத்திருக்கின்றன.

நீங்கள் எழுதிய விவரத்தை வைத்துப் பார்த்தால், வந்தவை பெரும்பாலும் தெருநாய்கள். ஓநாய் பசிக்காக வருவது. தொண்டையைப் பிடிக்கும், முடிந்தால் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு போகும், இல்லையேல் வயிற்றுப் பக்கம் தின்னத் தொடங்கும். குள்ளநரி பெரும்பாலும் குட்டியோடு நின்றுவிடும். பல ஆடுகளைத் துரத்தித் துரத்திப் பின்தொடையிலும் காதிலும் கண்டபடி கடித்துவிட்டு, ஒன்றையும் தின்னாமல் போவது நாய்க் கூட்டத்தின் வழக்கம். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் தெருநாய்கள் கடித்துச் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் போராடியதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருந்தாலும் கடிதத்தை வைத்து முடிவு சொல்வது மருத்துவம் ஆகாது. கடிபட்ட இடத்தில் தோலை உரித்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் பற்குறியைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கும். நோயில் செத்த ஆட்டைப் பிறகு வந்து கடித்திருந்தால் அப்படிக் கட்டியிருக்காது. மேல் கோரைப்பற்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலமும், பட்டியைச் சுற்றியுள்ள மண்ணில் பதிந்த கால் தடமும் மீதியைச் சொல்லும்.

இதை எழுதும்போது என் தவறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் செத்துக் கிடந்த இரண்டு ஆடுகளைப் பார்க்க மாலை மங்கும் நேரத்தில் போனேன். தோலை உரிக்காமல், நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, ‘நாய்க்கடி’ என்று சான்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வனவிலங்கு என்று இருந்தால் இழப்பீடு கேட்டிருக்கலாம். நாய் என்று எழுதியதால் ஆட்டுக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து அதே ஊரின் ஓடைக்கரையில் இரண்டு குள்ளநரிகள், ஒரு வீட்டு நாய், நான்கைந்து காக்கைகள் ஒரு செத்த ஆட்டைச் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தேன். மருந்து வைத்தீர்களா என்று நான் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குருணை மருந்துக்குக் கண் இல்லை. உங்கள் ஆட்டைக் கடித்த நாய் அன்றைக்கு வராமல் போகலாம். பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயும், கீரியும், பருந்தும் வரும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நஞ்சிட்ட பிணங்களும் பெரும் அச்சுறுத்தல். அந்தக் குருணை மருந்துகளில் ஒன்றான ஃபோரேட்டை 2020 ஆம் ஆண்டு முடிவோடு பயன்படுத்தவே கூடாது என்று மத்திய அரசு தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சுடுவது மட்டும் வேட்டை அன்று, நஞ்சு வைப்பதும், இரை காட்டிப் பிடிக்க முயல்வதும், கண்ணி வைப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே, முயற்சியும் குற்றமே. முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டுமே சட்டம் மன்னிக்கிறது. ஆட்டைக் காக்கக் கொன்றேன் என்பது அந்த மன்னிப்பில் அடங்காது.

இனி நட்டம். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், அப்படி நேரவே கூடாது, செத்த ஆட்டை இடம் மாற்றாதீர்கள். கைப்பேசியில் படம் எடுங்கள்; கால் தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றைக்கே தகவல் சொல்லி, கால்நடை உதவி மருத்துவரை வரவழைத்துப் பிணப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். என்னைப் போல நின்ற இடத்திலிருந்து எழுதிக் கொடுப்பவர் வந்தால், தோலை உரித்துப் பாருங்கள் ஐயா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நஞ்சு வைப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு நாளில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம். யாராவது வந்து பார்த்தார்கள் என்றால் மனிதனுக்குக் கோபம் பாதி அடங்கிவிடும். பணம் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

பட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று: படல் இடுப்பளவுதான் இருக்கிறது என்றால், அதற்கு வெளியே முள் அடைத்து ஆளுயரத்துக்கு உயர்த்துங்கள். சினை ஆடுகளையும் குட்டிகளையும் நடுவில் அடையுங்கள். காவல் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட மறக்காதீர்கள். அது உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் நல்லது, நாயிடமிருந்து நோய் தொற்றக்கூடிய நரிக்கும் நல்லது.

‘நாய் என்று நினைத்துச் சுட்டேன், ஓநாய் என்று தெரியாது’ என்று ஒருவர் சொன்னால் தப்பிவிட முடியுமா?
— சட்டக் கல்லூரி மாணவி, சேலம்

அமெரிக்காவில் இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. யெல்லோஸ்டோன் பூங்காவில் மீண்டும் ஓநாய்களை வாழவைக்கக் கனடாவிலிருந்து கொண்டுவந்தவற்றுள், பத்தாம் எண் இடப்பட்ட ஆண் ஓநாய் 1995 ஏப்ரலில் மொண்டானா மாநிலத்தின் ரெட் லாட்ஜ் என்ற ஊருக்கு அருகில் சுட்டுக் கொல்லப்பட்டது. அந்த நாள்களில்தான் அதன் இணை எட்டுக் குட்டிகளை ஈன்றிருந்தது. காட்டு நாய் என்று நினைத்தேன் என்றார் சுட்டவர். நாய் என்று நினைத்தவர் அதன் தலையையும் தோலையும் ஏன் எடுத்து வைத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அவருக்கு ஆறு மாதத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு அமெரிக்க நீதித் துறை ஒரு கொள்கை வகுத்தது: தான் கொல்வது எந்த விலங்கு என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே குற்ற வழக்கு. கயோட்டி என்னும் ஓநாய்க்கு நெருங்கிய விலங்கைச் சுட அங்கே பல மாநிலங்களில் தடை இல்லாததால், ‘கயோட்டி என்று நினைத்தேன்’ என்பது எளிதான கேடயமாகிவிட்டது என்று பாதுகாப்பாளர்கள் அங்கே குறைப்படுகிறார்கள்.

நம் சட்டத்தின் 9 ஆம் பிரிவில் ‘தெரிந்தே’ என்ற சொல் இல்லை. அட்டவணையில் உள்ள விலங்கை எவரும் வேட்டையாடக் கூடாது என்று அது நேராகச் சொல்கிறது. மேலும் இங்கே குள்ளநரி என்று நினைத்தேன் என்றாலும் பயன் இல்லை, ஏனெனில் குள்ளநரியும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதே. எரிந்த தோல் துண்டும் எலும்பும் கிடைத்தால்கூட ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்திலும் வண்டலூரில் உள்ள வன உயிரின நிறுவனத்திலும் மரபணுவை வைத்து இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் முறைப்படி பதிவு செய்யும் சாட்சியம் பின்னர் நீதிமன்ற விசாரணையில் ஏற்கத்தக்கது என்பதும் இந்தச் சட்டத்துக்கே உரிய வலிமை.

சட்டம் வலுவானதுதான், அதன் முன் கொண்டுபோய் நிறுத்த உடல் வேண்டுமே. சுவீடன், நார்வே நாடுகளில் கழுத்துப்பட்டையில் வானொலிக் கருவி பொருத்திய ஓநாய்களை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட ஆய்வு, ஓநாய்களின் சாவில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் சட்டவிரோதக் கொலை என்றும், அந்தக் கொலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன என்றும் சொன்னது. கருவி கட்டிக் கண்காணிக்கும் நாட்டிலேயே அப்படி என்றால், நம் ஓடைக்கரையில் புதைக்கப்படுபவற்றுக்குக் கணக்கு ஏது? நீங்கள் வழக்கறிஞராகும்போது, தண்டனையை உயர்த்தச் சொல்லி வாதாடுவதைவிட, தகவல் சொல்பவரின் பெயர் வெளியே போகாமல் காக்க வாதாடினால் பயன் அதிகம். அடுத்த கடிதம் அதற்குச் சான்று.

நான் வேலை செய்யும் காப்பித் தோட்டத்தில் வேலியோரம் பைக் பிரேக் கம்பியில் செய்த சுருக்குகளை இரண்டு முறை பார்த்தேன். யாரிடமாவது சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. முயலுக்குத்தானே வைக்கிறார்கள், விட்டுவிடலாமா?
— தோட்டத் தொழிலாளி, ஏற்காடு

அம்மா, உங்கள் பயம் வீண் பயம் அன்று. முயலுக்கு வைத்த சுருக்கில் முயல் மட்டும் மாட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சேர்வராயன் மலையில் காட்டெருமை இருக்கிறது, மான் இருக்கிறது. முயல் தேடி வேலியோரமே நடக்கும் நரியின் கழுத்துக்கும் அந்த வளையம் அளவெடுத்தாற்போல் இருக்கும். முயலைப் பிடிப்பதும் குற்றமே.

கம்பியை நீங்களே கழற்ற வேண்டாம். வைத்தவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், சான்றும் அழிந்துவிடும். எந்த வரிசை, எந்த மரத்தருகே என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் மூலமாக வனச்சரக அலுவலகத்துக்கு வாய்மொழியாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் கையொப்பம் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மறுக்கலாம். குற்றத்தைக் கண்டுபிடிக்கத் தகவல் கொடுத்தவருக்கு வெகுமதி வழங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை எதிர்பார்த்து நீங்கள் எழுதவில்லை என்பது கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. கம்பி மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. யானையைக் கொல்லும் வேலி, காலையில் தோட்டத்துக்கு வரும் ஆளையும் கொல்லும்.

பொங்கல் முடிந்து வங்கா நரியைப் பிடித்துக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஓடவிட்டு, பிறகு காட்டில் விட்டுவிடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். கொல்வதில்லையே. வனத்துறை ஏன் அபராதம் போடுகிறது?
— கல்லூரி மாணவர், வாழப்பாடி

நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம் பாட்டிமார் சொன்ன அன்பிலிருந்துதான் இந்த வழக்கமும் வந்திருக்க வேண்டும். அந்த அன்பை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நரியை வெறுத்து நஞ்சு வைக்கும் ஊரைவிட, அதை மங்கலமாக எண்ணும் ஊர் எனக்கு எவ்வளவோ மேல்.

ஆனால் வங்கா நரி மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள சிறு விலங்கு. வலையில் சிக்கி, வாய் கட்டப்பட்டு, மேளச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இழுக்கப்பட்டு, ஓடவிடப்பட்ட பிறகு அது காட்டில் உயிரோடு ஓடுவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மறுநாள் அதைப் பார்ப்பவர் இல்லை. பிடிபட்ட காட்டு விலங்குகள் அதிர்ச்சியால் தசையும் இதயமும் கெட்டு, விடுவித்த சில நாள்களுக்குள் சாவதைக் கால்நடை மருத்துவம் நன்றாகவே அறியும். பொங்கலை ஒட்டிய வாரங்கள் அது இணை சேர்ந்து வளை தோண்டும் காலமும்கூட. பிடிப்பதையும் சட்டம் வேட்டை என்றே கொள்வதால், வனத்துறை நினைத்தாலும் கண்டுகொள்ளாமல் இருக்க இயலாது. களிமண்ணில் ஒரு நரி செய்து மேளத்தோடு எடுத்துப் போங்கள். மாரியம்மன் கோபித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

நரிக்கொம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேருமாமே? ஒருவர் 5,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்.
— வாசகி, ஆத்தூர்

நரிக்குக் கொம்பு கிடையாது. உங்களிடம் வந்திருப்பது மயிரோடு கூடிய ஏதோ ஓர் எலும்புத் துண்டு. உண்மையான நரி மண்டையோட்டிலிருந்து வெட்டியது என்றால், வைத்திருப்பதே குற்றம். பொய் என்றால் பணம் போயிற்று. இரண்டிலும் செல்வம் சேர வழி இல்லை.

2024 இல் உத்தரப் பிரதேசத்தின் பகராய்ச் மாவட்டத்தில் ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்றன. அப்போதும் காப்பாற்ற வேண்டும் என்பீர்களா?
— வாசகர், ஓமலூர்

அந்தத் தாய்மார்களிடம் போய் அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை, பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறிடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் காரணம் காட்டினால், முதல் அட்டவணை விலங்காயினும் கொல்ல அனுமதி தரலாம். அனுமதி அந்த ஒரு விலங்குக்குத்தான். அந்த மாதங்களில் பகராய்ச்சில் நடந்ததைக் காட்டி இங்கே நரியைக் கொல்வதற்கு அதில் வழி இல்லை.

தொடர்ந்து மூன்று நாள் அதிகாலையில் எங்கள் கரட்டில் பார்த்த விலங்கின் படத்தை இணைத்துள்ளேன். ஓநாய்தானே?
— வாசகர், தொப்பூர் அருகில்

படத்தை நெடுநேரம் பார்த்தேன். ஓநாய்க்குக் கால் நீளம்; நின்றால் வயிற்றுக்கும் மண்ணுக்கும் இடையே நிறைய வெளிச்சம் தெரியும். உங்கள் படத்தில் உள்ளதற்குக் கால் குட்டை, முகம் கூர்மை, வால் நுனி கறுப்பு. குள்ளநரிதான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஏமாற்றம் வேண்டாம், வால் புசுபுசுவென்று நல்ல உடல்நிலையில் இருக்கிறது, மூன்று நாளும் ஒரே பக்கம் வந்திருக்கிறது என்றால் அருகில் குட்டிகள் இருக்கலாம். படத்தின் கீழே கரட்டின் பெயரையும் அங்கே போகும் வழியையும் எழுதியிருந்தீர்கள். அவ்விரண்டு வரிகளையும் அச்சுக்கு அனுப்பும் முன் நான் அடித்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தால் அங்கும் அழித்துவிடுங்கள்.